அவள் விரலில் வராத சொட்டு

ஜூன் 9

வாண்டு அம்மாவுக்கு,

போனை எடுக்கவே மாட்டேன் என்று உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். "ஏதாவது சொல்லணும்னா எழுதச் சொல்லு, எழுதுறப்பவாவது யோசிப்பாரு" என்றாயாம். மச்சான் அதை உன் குரலிலேயே சொல்லிக் காட்டினார். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் மீன் பெட்டியில் ஒட்டும் சீட்டுதான். என்ன மீன், எத்தனை கிலோ, அவ்வளவு. இதில் தப்பு இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரித்தும் ரொம்ப நாளாகிறது.

அன்றைக்கு நடந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே வரியில் சொன்னேன். "மெஷின்ல வச்சது அவ ரத்தம் இல்ல, என் ரத்தம்." டாக்டர் மேலே கேட்டார், நர்ஸ் கேட்டார், நீ மட்டும் எதையும் கேட்கவில்லை. வாண்டுவை வீட்டுக்கு அனுப்பிய அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு உன் அண்ணன் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாய். அதனால் மீதியை இப்போது சொல்கிறேன்.

நான் மார்க்கெட்டில் ஐஸ் இறக்கிவிட்டு வரும்போது நீ டிக்கெட் கவுன்ட்டர் வேலைக்குக் கிளம்பிவிட்டாய். எப்போதும் போல மாடிப்படியில்தான் பார்த்துக்கொண்டோம். "சர்க்கரை பாக்குற மெஷின் மேஜை மேல இருக்கு, நம்பர் பாத்துட்டு போன் பண்ணுங்க" என்றாய். வாண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். மடியில் தூக்கி வைத்து, குத்தும் பேனாவால் மோதிர விரலில் ஒரு குத்து. கடுகளவு ரத்தம் வந்தது. ஸ்ட்ரிப்பை வைத்தால் பாதி உறிஞ்சி நின்றுவிட்டது, மெஷின் தப்பு காட்டியது. புது ஸ்ட்ரிப், வேறு விரல், இன்னொரு குத்து. பிதுக்கிப் பார்த்தேன். அதே கடுகு, அதே தப்பு. அதற்குள் அவள் அழுத அழுகையில் கீழ் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். மூன்றாவது விரலைக் கேட்டபோது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

என் கட்டைவிரலில் அன்றைக்குத்தான் மீன் முள் கிழித்திருந்தது. சுற்றிய துணியையும் மீறிக் கசிந்துகொண்டிருந்தது. ஸ்ட்ரிப்பை அங்கே வைத்தேன். நூற்றுப் பன்னிரண்டு என்றது. உனக்குப் போன் பண்ணினேன். "நல்ல நம்பர்தான், எப்பவும் போடுற அளவே போட்டுடுங்க" என்றாய். இன்சுலின் போட்டேன். பாதி டம்ளர் பால் குடித்தாள், மீதியை வைத்துவிட்டாள். பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டேன்.

ஒரு நாள்தானே என்று நினைத்தேன். என் மூளை அவ்வளவுதான். வேன் பாதி வழி போவதற்குள் அவள் சீட்டிலேயே சரிந்துவிட்டாள்.

இந்த வீட்டில் இப்போது சத்தமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா? உன் அண்ணன் வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டேன். பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன்.

வாண்டு அப்பா

*

ஜூன் 17

வாண்டு அப்பாவுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன், அண்ணி பிடுங்கி வைத்துவிட்டாள்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரியை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை. "எப்பவும் போடுற அளவே போட்டுடுங்க." ஆமாம், நான்தான் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் சில்லறைக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்க, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னேன். ஏற்கெனவே சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருந்த பிள்ளைக்கு இன்னும் இன்சுலின் போடு என்று பெற்றவள் வாயால் சொல்ல வைத்தீர்கள். நீங்கள் மறந்துபோயிருந்தால் மன்னித்திருப்பேன். தூங்கிப்போயிருந்தால் கூட மன்னித்திருப்பேன். நீங்கள் எனக்கு ஒரு எண்ணைச் சொன்னீர்கள். அதை நான் நம்பினேன்.

உங்கள் இரக்கத்தை ஊரே மெச்சும். "ஆம்பளையா இருந்தும் என்ன மனசு பாரு" என்று கீழ் வீட்டு அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்த மனசு என்ன செய்தது தெரியுமா? குத்தும் பேனாவில் ஆழத்துக்கு ஒரு திருகு இருக்கிறதே, அதை ஒன்றாம் எண்ணில் வைத்தது. நான் மூன்றில் வைத்துவிட்டுப் போவேன், நீங்கள் வந்து ஒன்றுக்குத் திருப்புவீர்கள். பிள்ளைக்கு வலிக்கக் கூடாதாம். ஒன்றில் வைத்தால் தோல்தான் கிழியும், ரத்தம் வராது. அப்புறம் இன்னொரு குத்து, இன்னொரு பிதுக்கல். ஒரு தடவை வலிக்க வேண்டியதை நான்கு தடவையாக நீட்டினீர்கள். என்னிடம் அவள் ஒரு தடவைதான் அழுவாள், உங்களிடம்தான் வீடு இடிய அழுவாள். அப்பா செல்லம் என்று நான் அப்போது நினைத்தேன்.

இங்கே எப்படி எடுக்கிறேன் என்று கேளுங்கள். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைப்பேன். கையைக் கீழே தொங்கவிட்டு மணி ஆட்டுகிற மாதிரி ஆட்டச் சொல்வேன். விரலின் நடுச் சதையில் குத்த மாட்டேன், ஓரத்தில்தான். அங்கே வலி குறைவு. குத்தியதும் நுனியைப் பிதுக்க மாட்டேன், உள்ளங்கையிலிருந்து மெதுவாக நீவிக்கொண்டு வருவேன். ஒரு மூச்சு பொறுத்தால் சொட்டு தானாகத் திரளும். அந்த ஒரு மூச்சு பொறுக்க உங்களால் முடியாது. அவள் முகத்தைப் பார்ப்பீர்கள், கை நடுங்கும்.

வர வேண்டாம். இங்கேயும் எனக்கு நிம்மதி கிடையாது, விருந்தும் மருந்தும் மூன்று நாள்தான். ஆனாலும் இப்போது வர வேண்டாம்.

ஒன்றே ஒன்று எழுதுங்கள். சர்க்கரை இறங்கினால் அவள் கை ஜில்லென்று ஆகிவிடும், வியர்க்கும். அதனால்தான் அன்றைக்கு ரத்தமே வரவில்லை. அவள் கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்தீர்களே, ஜில்லென்று இருந்ததா இல்லையா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

வாண்டு அம்மா

*

ஜூன் 24

வாண்டு அம்மாவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஜில்லென்று இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஐஸ் இறக்கிவிட்டு வந்தால் என் கை ரொம்ப நேரத்துக்கு மரத்துப்போயிருக்கும். உனக்கே தெரியும், அந்த நேரத்தில் டீ டம்ளரின் சூடு கூட எனக்கு உறைக்காது. எதைத் தொட்டாலும் என் கையைவிடச் சூடாகத்தான் இருக்கும். அன்றைக்கு வாண்டு கையைத் தொட்டபோது கதகதப்பாக இருக்கிறதே என்று நினைத்தேன். போர்வைக்குள் சுகமாகத் தூங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். வியர்வையைப் பார்த்தேன், அழுததால் என்று நினைத்தேன்.

இதுதான் பதில். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

நீ எழுதிய முறையைப் பழக நானும் ஒரு மெஷின் வாங்கியிருக்கிறேன். என் விரலில்தான் பழகுகிறேன். என் விரல்கள் மாட்டுத்தோல் என்று நீ சொல்வாயே, உண்மைதான். மீன் முள்ளுக்குக் கிழிகிற விரல் இந்தப் பேனாவுக்கு மட்டும் மசிய மாட்டேன் என்கிறது. முதலில் பழையபடி ஒன்றாம் எண்ணில் வைத்துக் குத்திக்கொண்டேன். சுருக் என்றது, சொட்டு இல்லை. மறுபடி குத்தினேன். பிதுக்கினேன். பிதுக்கியதுதான் குத்தியதைவிட வலித்தது. அவள் எதற்கு அழுதாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் ஊசிக்கு அழுகிறாள் என்றே நினைத்திருந்தேன்.

மார்க்கெட்டில் ஓய்வு நேரத்தில் பழகினால் பயல்கள் விடுவார்களா? "ஆயிரம் மீனை அறுத்த கை, ஒரு சொட்டுக்குக் கெஞ்சுது பாருடா" என்கிறான் தராசுக்காரன். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான். கையைக் கழுவி, தொங்கவிட்டு ஆட்டி, திருகை மூன்றில் வைத்து ஓரத்தில் குத்தி, நீ சொன்ன ஒரு மூச்சையும் பொறுத்தேன். வந்தது. நன்றாகத் திரண்டு வந்தது. உனக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று கை போனுக்குப் போய்விட்டது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

இந்த ஞாயிறு வேண்டாம் என்றால் அடுத்த ஞாயிறு. அதுவும் வேண்டாம் என்றால் நீ எப்போது சொல்கிறாயோ அப்போது. வாண்டு என்னைக் கேட்கிறாளா? அதையாவது எழுது.

வாண்டு அப்பா

*

ஜூலை 6

வாண்டு அப்பாவுக்கு,

உங்களைக் கேட்கிறாளா என்று கேட்டிருந்தீர்கள். கேட்பதே இல்லை. வந்த நாளிலிருந்து உங்கள் பேச்சை எடுக்கவே இல்லை. அண்ணன் வேண்டுமென்றே "உங்கப்பன் என்ன மீன் வெட்டுறானோ" என்று வாயைக் கிளறினாலும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். கோபம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் எனக்கு அது கொஞ்சம் திருப்தியாகக் கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

நேற்றுக் காலையில் இங்கே ஒரே மழை. அவள் கை சில்லிட்டிருந்தது. முதல் குத்தில் சொட்டு போதவில்லை, மெஷின் தப்பு காட்டியது. எனக்கும் சில நாள் அப்படி ஆகும். இன்னொரு விரலை எடுத்தேன், அழுதாள். ஸ்ட்ரிப் டப்பாவில் கடைசி ஸ்ட்ரிப். அதை எடுத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு நொடி யோசித்தபடி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் ரத்தத்த வச்சிடாதம்மா."

நான் எதற்கு வைக்கப் போகிறேன் என்றேன். அவ்வளவுதான், தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "நான்தாம்மா அப்பாகிட்ட சொன்னேன். உன்கிட்ட நிறைய வருதே, எனக்குக் கொஞ்சம் குடுப்பான்னு சொன்னேன். அப்பா வேணாம்னுதான் சொன்னாரு. நான் கால்ல விழுந்து கேட்டேன். அதனாலதான நாம இங்க வந்துட்டோம்? அதனாலதான அப்பா வரல?"

இத்தனை வாரமும் அதைத்தான் அவள் மனசுக்குள் போட்டுப் புழுங்கியிருக்கிறாள். வீடு உடைந்தது தன்னால்தான் என்று. எட்டு வயதுப் பிள்ளை. சோறு இறங்காமல் தட்டை அளைந்துகொண்டிருந்ததற்கு நான் மருந்தைக் குறை சொன்னேன், அண்ணி சமையலைக் குறை சொன்னாள்.

நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவில்லை? முதல் கடிதத்தில் கடுகையும் எழுதினீர்கள், கீழ் வீட்டு ஜன்னலையும் எழுதினீர்கள். அவள் கேட்டதை மட்டும் எழுதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள். என்னிடம் மறைப்பதே உங்களுக்குப் பழக்கமாகிவிட்டதா?

கடைசி ஸ்ட்ரிப்பில் எடுத்துவிட்டேன். நம்பர் நன்றாகத்தான் இருந்தது. அவள் ரத்தம்தான்.

வாண்டு அம்மா

*

ஜூலை 12

வாண்டு அம்மாவுக்கு,

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். என்னவென்று சொல்வேன்? ஆஸ்பத்திரியில் அவள் கையில் ஊசி ஏற்றிக் கிடக்கும்போது, "நான் இல்ல, அவதான் கேட்டா" என்று உன்னிடம் கை காட்டவா? பிள்ளை ஆயிரம் கேட்கும். நிலாவைக் கேட்கும், நெருப்பைக் கேட்கும். கேட்டதை எல்லாம் கொடுக்காமல் இருக்கத்தானே அப்பன் என்று ஒருத்தன் வேண்டும்? கேட்டது அவளாக இருந்தாலும் வைத்தது நான். அதனால் அதை எழுதவில்லை. உன் கோபம் முழுசாக என் மேலேயே இருக்கட்டும், ஒரு துளி கூட அவள் பக்கம் சிந்த வேண்டாம் என்று நினைத்தேன்.

சாமர்த்தியமாக ஏதோ செய்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவள் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே நீ அவளைத் தூக்கி மடியில் போட்டு, "உன் மேல ஒரு தப்பும் இல்லடி" என்று சொல்லியிருப்பாய். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு இத்தனை நாள் கிடைக்காமல் போனதும் என்னால்தான். நல்லது செய்கிறேன் என்று கிளம்பினாலே எனக்கு இப்படித்தான் ஆகிறது.

உன் கடிதத்தை ஐஸ் கிடங்கில் வைத்துப் படித்தேன். அங்கேதான் யாரும் வர மாட்டார்கள். மூக்கும் கண்ணும் ஒழுகினால் குளிர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது கெஞ்சிக் கேட்கிறேன். எனக்காக இல்லை. நான் நேரில் வந்து என் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். நீ சொன்னால் அம்மா சமாதானம் சொல்கிறாள் என்று நினைப்பாள். நான் சொன்னால்தான் நம்புவாள். ஒரு மணி நேரம் போதும்.

வாண்டு அப்பா

*

ஜூலை 20

வாண்டு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே வரச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணனிடமும் சொன்னேன். "வரட்டும், நான் ஒண்ணும் கடிச்சுத் தின்ன மாட்டேன்" என்றான். உங்கள் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். ஆனால் இங்கேயும் மாடிப்படியில் எதிரில் யாராவது ஏறி வந்தால் நீங்கள்தான் என்று நினைத்து வழிவிட ஒதுங்குகிறேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

வாண்டுவிடம் முந்தாநாள் சொன்னேன், "ஞாயித்துக்கிழமை அப்பா வராரு" என்று. முகம் அப்படி மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கிவிட்டது.

"இப்ப வேணாம்மா" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். விளக்கை அணைத்துப் படுத்த பிறகு என் காதுக்குள் சொன்னாள். "அப்பா வந்தா காலையில அப்பாதான் குத்துவாரு. நான் அழுவேன். நான் அழுதா அப்பாவால தாங்க முடியாது. மறுபடியும் அப்படிப் பண்ணிடுவாரு. அப்புறம் நீ அப்பாவ ஒரேடியா விட்டுட்டு வந்துடுவ. நான் அழாம இருக்கக் கத்துக்கிறேன். கத்துக்கிட்டதும் வரச் சொல்லு."

கற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு விரலை நீட்டுகிறாள். கண் நிறைகிறது, விழ விடுவதில்லை. இரண்டு நாளாக ஒரு சத்தம் இல்லை. அண்ணி, "பொண்ணு தேறிட்டா" என்று சந்தோஷப்படுகிறாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவள் வீடு இடிய அழுதபோது கூட என் கை நடுங்கியதில்லை. இப்போது நடுங்குகிறது.

உன் மேல் தப்பில்லை என்று நூறு தரம் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டுகிறாள். துண்டை மட்டும் விடுவதில்லை. நான் என்ன செய்யட்டும் என்று எனக்கே தெரியவில்லை. அவளை மீறி உங்களை வரச் சொல்லவும் பயமாக இருக்கிறது. இந்த ஞாயிறு வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை.

வாண்டு அம்மா

*

ஜூலை 25

வாண்டு அம்மாவுக்கு,

படித்தேன். இந்த ஞாயிறு அவள் முன்னால் வந்து நிற்க மாட்டேன்.

ஆனால் அந்த ஊருக்கு வருகிறேன். உன் அண்ணன் தெருமுனையைத் தாண்டி இருக்கிற மார்க்கெட்டில் மீன் வெட்ட ஆள் கேட்டார்கள் என்று தராசுக்காரன் விசாரித்துச் சொன்னான். ஐஸ் இறக்குகிற வேலை கிடையாது, வெட்டும் மேடை மட்டும்தான். நம் வீட்டைக் காலி செய்யவில்லை, பூட்டிவிட்டு வருகிறேன். மார்க்கெட்டுக்குப் பின்னாலேயே படுத்துக்கொள்ள ஓர் இடம் தருகிறார்களாம்.

தினமும் காலையில் நீ அவளுக்குக் குத்துகிற நேரத்துக்கு உங்கள் கதவுக்கு வெளியே வந்து நிற்பேன். கதவைத் திறக்காதே. நான் நிற்பதை அவளிடம் சொல்லாதே. உன் அண்ணனிடம் மட்டும் சொல்லிவை, திருடன் என்று நினைத்துவிடப் போகிறார். உள்ளே அவள் அழுவதை நான் கேட்க வேண்டும். முதல் நாள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வரத் தோன்றும், எனக்குத் தெரியும். வர மாட்டேன். மறுநாளும் நிற்பேன். அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டே என் கையை நீட்டிப் பார்ப்பேன். அது நடுங்காமல் நிற்கிற அன்றைக்குத்தான் கதவைத் தட்டுவேன்.

அழாமல் இருக்க அவள் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்? நான் அல்லவா கற்றுக்கொள்ள வேண்டியவன். பெற்றவனுக்கு வலிக்கும் என்று ஒரு பிள்ளை துண்டைக் கடிக்கிறது என்றால் நான் உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம் என்று கூட ஒரு ராத்திரி நினைத்தேன். பயப்படாதே, அது போய்விட்டது. எனக்கு இப்போது வேலை இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையிலேயே அந்தத் துண்டை அவளிடமிருந்து வாங்கிவிடு. நான் சொன்னதாக ஒன்றே ஒன்று சொல். "வலிச்சா சத்தமா அழணுமாம், அப்பா சொல்லச் சொன்னாரு."

வாண்டு அப்பா